முறை வைத்துப் பாய்ந்த மருந்து

தையல்நாயகியின் வயிற்றுக்குள்ளிருந்து ஆயில் எஞ்சின் ஓடும் சத்தம் முதன்முதலாகக் கேட்டபோது அல்லிமடை தாலுகா ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டில் யாரும் பயப்படவில்லை. ஆற்றில் தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும் போர் போட்டு இறைத்தே பிழைக்கிற ஊர் அது, எங்கோ தூரத்தில் ஒரு எஞ்சின் டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருப்பது அங்கே காக்கை கத்துவதைப் போன்ற சங்கதி. பக்கத்துக் கட்டிலில் கர்ப்பப்பையை எடுத்துக்கொண்டு படுத்திருந்த அம்மாள், "இந்த உச்சி வெயில்ல யாரு வயலுக்கு எறைக்கிறா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சத்தம் வயலிலிருந்து வரவில்லை என்பது படுக்கை விரிப்பு நனைந்த பிறகுதான் தெரிந்தது. மருந்து பாட்டில் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வந்த மும்தாஜ் சிஸ்டர், தையல்நாயகியின் அடிவயிற்று ஆபரேஷன் புண்ணைச் சுற்றி முத்துமுத்தாக ஏதோ கசிந்து, இடுப்பு வழியாக இறங்கி, மெத்தையை நனைத்து, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரைக்கு வந்து, சுவரோரத்துத் தண்ணீர்ப் பொந்தை நோக்கி நிதானமாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்த்தார். விரலால் தொட்டு முகர்ந்தார். காலையில் அவர் கையாலேயே ஏற்றிவிட்ட அதே மருந்து. விரிப்பை மாற்றினார், மறுபடி மாற்றினார், விரிப்புகள் தீர்ந்ததும் கட்டிலுக்கு அடியில் வாளியை வைத்தார். உள்ளே போனது ஒரு பாட்டில், வெளியே வந்தது ஒரு வாளி, மறுநாள் அதற்கும் மேலே, பிறகு வாளியால் ஆகிற காரியமில்லை என்று விட்டுவிட்டார்கள்.

தையல்நாயகி பிரசவத்துக்கு வந்தவள். புருஷன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் இருந்தான். தாயும் இல்லாதவள் என்பதால் அப்பா உத்திராபதிதான் ஆட்டோ பிடித்துக் கூட்டிவந்து சேர்த்தார். வயிற்றைக் கீறித்தான் எடுக்க வேண்டியிருந்தது. பெண் குழந்தை, ஒரு கையில் அடங்குகிற உடம்பு, அழக்கூட வலுவில்லாததால் தாய் முகம் பார்ப்பதற்குள்ளேயே ஆம்புலன்ஸில் தூக்கிப்போட்டுக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துத் தேற்றக் கொண்டு போய்விட்டார்கள். தாய் இங்கேயே தங்கினாள், அவளோடு புண்ணும் தங்கியது. அந்தப் புண்ணில் குடியேறியவை ஆஸ்பத்திரிக் கிருமிகள். அந்த வார்டிலேயே பிறந்து, அங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, பினாயிலுக்கும் சோப்புக்கும் ஊசிக்கும் தண்ணி காட்டி, கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் குழாய்த் திருகிலும் சௌக்கியமாக உட்கார்ந்துகொண்டு, அடுத்து யார் வயிறு கிழிபடும் என்று பார்த்துக்கொண்டிருந்தவை.

டாக்டர் மெர்லின் நாகர்கோவில் பக்கத்துப் பெண், அல்லிமடைக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. ஸ்டெதாஸ்கோப்பை அந்த வயிற்றில் வைத்து நெடுநேரம் கேட்டவர், அதைக் கழற்றி உத்திராபதியின் காதில் மாட்டினார்.

"கேக்குதா அய்யா?"

"கேக்குது டாக்டரம்மா. ஒண்ணு இல்ல, ஏகப்பட்டது ஓடுது."

"கிருமி ஒவ்வொண்ணோட தோலுலயும் பம்பு இருக்கு. புதுசா முளைச்சது இல்ல, பித்தம், சோப்பு, விஷம்னு வேண்டாதது எது உள்ள வந்தாலும் வெளிய தள்ள ஆதியில இருந்தே வச்சிருக்கு. இப்ப நாம ஏத்துற மருந்தையும் அதே பம்பால தள்ளுது. இந்த மருந்து, அந்த மருந்துன்னு அது பாக்காது, எல்லாத்தையும் தள்ளும். உள்ள மருந்து தங்குனாதானே கிருமி சாகும்? நாம ஊத்துற வேகத்தை விட அது எறைக்கிற வேகம் கூடுதலா இருக்கு."

"பம்பை அடைக்க ஒரு வழியும் இல்லையா?"

"அடைக்கிற மருந்தை எங்கெங்கேயோ தேடிட்டு இருக்காங்க. நம்ம கட்டில் வரைக்கும் இன்னும் வந்து சேரல."

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அங்கே இருந்த பெரிய டாக்டர்கள் சத்தத்தைக் கேட்டார்கள், வழிகிற மருந்தைப் பார்த்தார்கள், கண்ணாடிப் பெட்டிகளில் பிஞ்சுக் குழந்தைகள் கிடக்கிற கட்டிடத்துக்குள் இந்த எஞ்சினை விட முடியாது என்று கைகூப்பி அதே ஆம்புலன்ஸில் திருப்பி அனுப்பினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. தன் குழந்தை இருக்கிற கட்டிடத்தின் வாசல் வரை போய்விட்டு, அதைப் பார்க்காமலே தையல்நாயகி திரும்பி வந்தாள்.

உத்திராபதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அல்லிமடையின் நீர்க்கட்டி. வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் எந்த மடையை எப்போது திறப்பது, எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் விடுவது, எப்போது அடைப்பது என்று தீர்மானிக்கிற மண்வெட்டி அவர் தோளில் இருந்தது, அவருக்கு முன்னால் அவர் அப்பா தோளில் இருந்தது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள், இவர் ஆற்றையே அளந்து போட்டவர். மேலத்தெருக்காரர் வயலுக்கு ஒரு நாழிகை கூடுதலாக விடமாட்டார், கடைமடைத் தெருக்காரர் வயலுக்கு ஒரு நாழிகை குறைக்கமாட்டார். மேலே இருப்பவர்கள் உறிஞ்சியது போக வாய்க்காலின் வாலில் தண்ணீர் போய்ச் சேர்வதற்குள் பயிர் பாதி காய்ந்துவிடும் என்பது வேறு விஷயம், ஆனால் முறை என்று வைத்தால் கடைசி வயல் நனையும்வரை அந்த முறை நிற்கக்கூடாது என்பதை அவர் வேதவாக்காக வைத்திருந்தார். வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதோ இல்லையோ, உத்திராபதியிடம் நியாயம் இருக்கிறது என்று ஊரில் சொல்வார்கள். அதைச் சொல்லும்போது அவர் தலையைக் குனிந்துகொள்வார், உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருக்கும்.

வார்டின் பொந்து வழியாக வெளியேறிய மருந்து பின்பக்கத்துச் சாக்கடையை நிரப்பி, சாக்கடையை அலசி, ஒரு நாள் வெள்ளையாகத் தெளிந்து ஓடத் தொடங்கியது. வாத்து மேய்க்கிற ஒருவரின் வாத்துகளில் கால் வீங்கிய ஒன்று அதைக் குடித்துவிட்டு மறுநாள் நிமிர்ந்து நடந்தது, அவ்வளவுதான், அதற்குமேல் அல்லிமடைக்காரர்களுக்கு அத்தாட்சி வேண்டியிருக்கவில்லை. ஓசியில் கொடுத்தால் பினாயிலையும் குடிப்பவர்கள் என்று நம் ஆட்களைச் சும்மாவா சொல்கிறார்கள்? குடம், செம்பு, தூக்குவாளி, தண்ணீர் பாட்டில், பெயிண்ட் டப்பா என்று அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரியின் பின்பக்கம் கூடிவிட்டார்கள். முதல் நாளே அடிதடி. இறால் குட்டை வைத்திருந்த தனவேல் டிராக்டரில் டேங்கரைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார், வாத்துக்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார், நடுவில் போன ஒரு கிழவருக்குப் பல் போயிற்று.

அப்போது யாரோ சொன்னார்கள், உத்திராபதியைக் கூப்பிடுங்கள் என்று. அவர் மகள் தலைமாட்டில்தான் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து சாக்கடையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். ஓடுகிற ஓட்டத்தைக் கண்ணாலேயே அளந்தார். தண்ணீர் என்று ஒன்று ஓடினால் அதற்கு முறை என்று ஒன்று வேண்டும், அது யார் வீட்டுத் தண்ணீர், எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் அவருக்குப் பிறகுதான் தோன்றும்.

"எதுக்குய்யா அடிச்சிக்கிறீங்க? மேலத்தெருவுலேருந்து ஆரம்பிப்போம். வீட்டுக்கு ஒரு செம்பு, கூடவும் கெடையாது, கொறைச்சலும் கெடையாது. கடைமடைத் தெரு கடைசி வீடு வாங்குற வரைக்கும் மொறை நிக்காது. சரிதானே?"

சரி என்றார்கள். அடித்துக்கொண்டவர்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு போனார்கள். மும்தாஜ் சிஸ்டர் மட்டும் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டு, "தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்னு சொல்லுவாங்க அத்தா, உங்க பொண்ணுக்கே தங்காத மருந்து இது" என்றார். உத்திராபதி, "கீழ போறதுதானேம்மா" என்றார். தையல்நாயகிக்கும் அன்றைக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. தன் உடம்பிலிருந்து ஊருக்கே மருந்து பாய்கிறது என்று போனில் புருஷனிடம் சொல்லிச் சிரித்தாள்.

இப்படித்தான் அல்லிமடை அந்த மருந்துக்குப் பழகியது. காய்ச்சல் என்றால் மருந்துக்கடையில் போய், "தலைவலி, ஜுரம், ரெண்டு வேளைக்கு ஒரு செட்டு குடுங்க" என்று கலர் கலராக நாலு மாத்திரை வாங்கி, ஒரு வேளையில் தலை லேசானதும் மிச்சத்தைச் சாமி மாடத்தில் வைத்துவிடுகிற ஊருக்கு ஒரு செம்பை எப்படிச் செலவழிப்பது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. தும்மினால் ஒரு மடக்கு, பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்கு ஒரு மடக்கு, நாய்க்குச் சொறி என்றால் ஒரு கை, ரசம் புளித்துவிடாமலிருக்க ஒரு சொட்டு. இறால் குட்டைக்கு ஒரு பங்கு, வாத்துக்கு ஒரு பங்கு. யாருக்கும் அதிகமாகப் போகவில்லை, முறை வந்தவர் யாருக்கும் இல்லாமலும் போகவில்லை, உத்திராபதி காலையில் வந்து சாக்கடையோரம் நின்று அளந்து ஊற்றிவிட்டு உள்ளே போய் மகளுக்கு விசிறிக்கொண்டிருப்பார். மேலத்தெருவில் ஒரு கல்யாணம் வந்தது, அதற்கு இரண்டு நாள் முறை நீட்டினார்கள். கோயில் கொடியேற்றத்துக்கு நீட்டினார்கள். தனவேல் குட்டைக்குக் கெஞ்சிக் கேட்டு நீட்டிக்கொண்டார். வாய்க்கால் தண்ணீரைப் போலவே இந்தத் தண்ணீரும் கடைமடைத் தெருவின் பாலத்தைத் தாண்டாமல் இழுத்துக்கொண்டே போயிற்று.

டாக்டர் மெர்லின் சாக்கடையோரம் வந்து நின்று கத்திப் பார்த்தார். கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்தால் கிருமி சாகாது, பழகிக்கொள்ளும் என்றார், ஊர் முழுக்கப் பம்பு முளைக்கும் என்றார். எல்லாரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். வெளியூர்ப் பொண்ணு, கல்யாணமாகாதது, பாவம் ராப்பகலாக வேலை என்று அவருக்காக இரக்கப்பட்டார்கள், ஒரு அம்மாள் தன் செம்பிலிருந்தே ஒரு மடக்கு அவரிடம் நீட்டினாள். டாக்டர் மேலே எழுதிப் போட்டார், அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், பரிசோதனைக்கு ஒரு பாட்டில் பிடித்தார்கள், மாமியாருக்கு முழங்கால் வலி என்று இன்னொரு பாட்டிலும் பிடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு வீடுகளில் சத்தம் கேட்க ஆரம்பித்தது. முதலில் தனவேலின் குதிகால் புண்ணில், காதை ஒட்டி வைத்தால் மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு ஒரு குழந்தையின் சீழ் வடிகிற காதில். பிறகு தபால்காரரின் பல் ஈறில். ஊர் இதற்கும் அசரவில்லை. அவரவர் எஞ்சினுக்கு அவரவர் தாலாட்டுப் பழகிக்கொண்டார்கள். "எங்க வூட்டுது பழைய மாடல், பக்கத்து வூட்டுது அஞ்சு எச்.பி." என்று பெண்கள் குழாயடியில் கேலி பேசினார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பையனுக்கு எஞ்சின் உண்டா என்று பக்குவமாக விசாரித்தார்கள், இருந்தாலும் பாதகமில்லை, சத்தம் மெல்லிசாக இருந்தால் போதும் என்று சமாதானமானார்கள். முள் குத்தி ஒருவர் செத்தார். சலூனில் சவரம் பண்ணிக்கொள்ளும்போது கீறி ஒருவர் செத்தார். இரண்டு பேருக்கும் டாக்டர் மெர்லின் ஏற்றிய மருந்து ஏற்றிய சூட்டோடு வழிந்து தரைக்கு வந்தது, அதையும் துடைப்பத்தால் தள்ளி முறைச் சாக்கடையில் சேர்த்துக்கொண்டார்கள். காலம் வந்தால் புல்லும் எமனாகும் என்று துக்க வீட்டில் பேசிக்கொண்டு கலைந்தார்கள்.

தையல்நாயகி இளைத்துக்கொண்டே போனாள். அவளுக்குள் ஓடுவதன் சத்தம் ஏறிக்கொண்டே போனது. ஒரு நாள் காலையில் டாக்டர் மெர்லின் உத்திராபதியை மாடிப்படிக்கு அடியில் அழைத்துப்போய் நிறுத்தினார்.

"இன்னும் ஒரே ஒரு மருந்து இருக்கு அய்யா. ஐஸ் பெட்டியில வச்சு வருது. அதுக்கப்புறம் எங்கிட்ட ஒண்ணும் இல்ல. அதை மெதுவா ஏத்தப் போறதில்ல, கிருமி மூச்சு விடுறதுக்குள்ள மொத்தமா உள்ள விடணும், எறைக்க எறைக்க எறைச்சு முடியாத அளவுக்கு விடணும். ஆனா அதுக்கு முன்னால ஊர்ல இதைக் குடிக்கிறது நிக்கணும்."

"அவங்க குடிக்கிறதுக்கும் எம்பொண்ணுக்கும் என்னம்மா?"

"ஒரு கிருமி பழகினதை இன்னொரு கிருமிக்குச் சொல்லிக் குடுக்கும், துண்டுச் சீட்டு மாத்திக்கிற மாதிரி. ஊர்ல வீட்டுக்கு வீடு பழகிட்டு இருக்கு. பாக்க வர்றவங்க, பெருக்க வர்றவங்க, நீங்க, நானு, எல்லாரும் தினம் புதுசா பழகினதை இந்த வார்டுக்குள்ள கொண்டாந்து போட்டுட்டு இருக்கோம். நிறைய குடுத்தா அது சாகும். கொஞ்சமா குடுத்தா அது படிக்கும். நீங்க ஊருக்கெல்லாம் சமமா, கொஞ்சமா குடுத்தீங்க அய்யா."

உத்திராபதி மாடிப்படியின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவர் வாழ்நாளில் யாரும் அவர் பங்கிட்டதைக் குற்றம் என்று சொன்னதில்லை. டாக்டரம்மா குற்றமாகச் சொல்லவுமில்லை, அழுதுகொண்டுதான் சொன்னார், அதுதான் அவருக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

வார்டுக்குள் போனதும் தையல்நாயகி கேட்டாள். "என்னப்பா சொன்னாங்க?"

"ஒரு மருந்து வருதாம் ஆயி. நல்ல மருந்து."

"எம்புள்ள மொவத்த நான் இன்னும் பாக்கல. போன்ல காட்டுறாங்க, அது ஒறங்குது, கண்ணே தெரியல. இதையாச்சும் எனக்கே எனக்குன்னு விடச் சொல்லுப்பா. யாருக்கும் குடுக்காத."

அவர் மண்வெட்டியை எடுத்துக்கொள்ளாமலே ஊருக்குள் இறங்கினார். மேலத்தெருவில் அவரை உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள். அவர் சொன்னதைக் கேட்டார்கள், உச்சுக் கொட்டினார்கள். பிறகு அந்தத் தெருவின் பெரியவர் சொன்னார், "நிறுத்தலாம் உத்திராபதி, நாங்க எப்பவோ வாங்கிட்டோம், எங்களுக்கு என்ன? ஆனா கடைமடைத் தெரு ஜனம் இன்னும் ஒரு செம்பு வாங்கலியே. அவங்களுக்குக் கெடைக்காம பாதியில அடைச்சா அது பாவமில்லையா? நீயே வச்ச மொறை. மொறை முடியட்டும்." பக்கத்தில் நின்ற அவர் மருமகள் அதற்குள் ஒரு செம்பை மூடி உள்ளே எடுத்துக்கொண்டு போனாள். கடைத்தெருவிலும் அதையேதான் சொன்னார்கள். பள்ளிவாசல் தெருவிலும், நடுத்தெருவிலும், உத்திராபதியின் சொந்தப் பங்காளிகளும் அதையேதான் சொன்னார்கள். கடைசி ஆள் வாங்காமல் முறையை நிறுத்துவது தர்மமில்லை என்று ஊர் ஒரே வாயாகச் சொல்லிற்று. இத்தனை வருஷம் அவர் தொண்டை கிழியச் சொல்லி யாரும் காதில் வாங்காத பேச்சு, அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் அவருக்கே திருப்பிச் சொல்லப்பட்டது.

பாலத்தைத் தாண்டிக் கடைமடைத் தெருவுக்குப் போனபோது வெயில் சாய்ந்துவிட்டது. முதல் வீட்டு அஞ்சம்மாள் நடவுக்குப் போய்வந்த காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். பால்குடி மறக்காத மகன் இடுப்பில் இருந்தான். மறுநாள் அவர்கள் தெருவுக்கு முறை என்பதால் செம்பு, குடமெல்லாம் விளக்கி வாசலில் கவிழ்த்து வைத்திருந்தார்கள். புளி போட்டு விளக்கியிருந்தார்கள், அந்தப் பொழுதிலும் பளபளத்தன. உத்திராபதி அவற்றைப் பார்க்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டுதான் பேச ஆரம்பித்தார். எப்படியோ சொல்லி முடித்தார்.

"மேலத்தெருவுல என்ன சொன்னாங்கண்ணே?" என்று கேட்டாள் அஞ்சம்மாள்.

"உங்களுக்குக் கெடைக்காம நிறுத்துறது பாவம்னாங்க."

அவள் சிரித்தாள். பக்கத்து வீடுகளிலிருந்து வந்து நின்றவர்களும் சிரித்தார்கள். சிரித்து முடிய நேரமாயிற்று.

"எங்க மேல அம்புட்டுக் கரிசனமாண்ணே அவங்களுக்கு? எங்க பாட்டன் காலத்துல வரலியே இந்தக் கரிசனம்." அவள் குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள், மகனை இன்னொரு இடுப்புக்கு மாற்றினாள். "எங்களுக்கு வேணாம்னே போயிச் சொல்லுங்க. மொறை முடிஞ்சிருச்சுன்னு சொல்லுங்க. இல்லாம இருந்து பழவுனவங்க நாங்க, இது ஒண்ணு இல்லாட்டி என்ன. ஒங்க பொண்ணுக்கு ஊத்துங்க."

அன்றோடு அளப்பது நின்றது. ஆனால் மேலே உள்ள தெருக்களில் செம்புகள் மூடிய மூடியோடு வீட்டுக்குள்தான் இருந்தன.

ஐஸ் பெட்டி வந்தது. டாக்டர் மெர்லின் பொந்தைத் துணியால் அடைக்கச் சொன்னார், கதவைச் சாத்தினார், இரண்டு கைகளிலும் ஊசி ஏற்றி மொத்த மருந்தையும் ஒரே மூச்சில் உள்ளே விட்டார். தையல்நாயகி பல்லைக் கடித்துக்கொண்டு அப்பாவின் கையைப் பிடித்திருந்தாள். எஞ்சின் திணறியது, இருமியது, ஏற்றத்தில் ஏறுகிற மாட்டைப் போல முக்கியது, பிறகு நின்றுவிட்டது. வார்டில் அப்படி ஒரு அமைதி அதுவரை இருந்ததில்லை. மதியச் சோற்றில் கைவைத்திருந்த ஊர்க்காரர்கள் என்னவோ குறைகிறதே என்று நிமிர்ந்து பார்த்தார்களாம். மும்தாஜ் சிஸ்டர் வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். தையல்நாயகிக்கு வியர்த்தது, வெறும் வியர்வை, உப்பாக இருந்தது, உத்திராபதி நாக்கில் வைத்தே பார்த்தார். "பசிக்குதுப்பா" என்றாள் அவள். இட்லி வாங்க அவர் ஓடினார்.

திரும்பி வரும்போது ஆஸ்பத்திரி வாசலிலேயே அவருக்குச் சத்தம் கேட்டுவிட்டது. கையில் இட்லிப் பொட்டலத்தோடு அங்கேயே நின்றார். புண்ணிலிருந்து கடைசி மருந்து முத்துமுத்தாக வந்து, இடுப்பில் இறங்கி, கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரைக்கு வந்தது. பொந்து அடைபட்டிருந்ததால் அது போக வழியில்லாமல் வார்டு முழுக்கப் பரவி, டாக்டர் மெர்லினின் செருப்பை நனைத்துக்கொண்டு நின்றது. தையல்நாயகி மறுநாள் சாயங்காலம் செத்துப்போனாள். அவள் மூச்சு நின்ற பிறகும் எஞ்சின் கொஞ்ச நேரம் ஓடியது, பிறகு இறைக்க ஒன்றுமில்லாமல் அதுவும் ஓய்ந்தது. புருஷன் போனில்தான் முகம் பார்த்தான்.

அதற்குப் பிறகு வந்த மழையில் காய்ச்சல் வந்தது, எல்லா ஊருக்கும் வருகிற சாதாரணச் சளிக் காய்ச்சல், மார்பில் கட்டிக்கொண்டு சீழாக மாறுகிற வகை. மேலத்தெருவில், கடைத்தெருவில், பள்ளிவாசல் தெருவில், நடுத்தெருவில் எந்த மாத்திரை போட்டாலும் போட்ட கையோடு உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் துளிர்த்து வெளியே வந்துவிட்டது. பாயெல்லாம் மருந்து வாடை அடித்தது. நல்ல நல்ல ஆட்களெல்லாம் போனார்கள். டாக்டர் மெர்லின் வீடு வீடாகப் போய் ஸ்டெதாஸ்கோப் வைத்துக்கொண்டே வந்து, பாலத்தைத் தாண்டி அஞ்சம்மாள் மகனின் நெஞ்சில் வைத்துக் கேட்டார். வெறும் சளிதான் கறகறத்தது. வேறு சத்தமே இல்லை. வெள்ளை மாத்திரை, ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் எடுத்துக்கொடுக்கிற மலிவு மாத்திரை, அதைக் கொடுத்து முழுசாக முடிக்கச் சொன்னார். பையன் அந்த வாரமே எழுந்து சோற்றுக்கு அழுதான். அந்தத் தெருவில் யார் நெஞ்சிலும் எஞ்சின் இல்லை. அல்லிமடையில் மருந்து மருந்தாக வேலை செய்கிற ஒரே இடம் அதுதான் என்று தெரிந்தபோது டாக்டர் அந்த வீட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் கடைமடைத் தெருக்காரர்கள் பாலத்தின் மேல் கருவேல முள்ளை வெட்டிப் போட்டார்கள். மேலே இருந்து யாரும் வரவேண்டாம், உங்கள் செம்பு, பாய், துணி எதுவும் வேண்டாம், வேலைக்கும் இப்போதைக்கு வரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். ஊருக்கு வந்ததே கோபம். அந்தத் தெருவில் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தறியாதவர்களெல்லாம், மனுஷனை மனுஷன் தள்ளி நிற்கச் சொல்வது என்ன நியாயம் என்று கேட்டார்கள். உத்திராபதி அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. மகளுக்குக் காரியம் செய்தபோது தர்ப்பை கிழித்த விரலில் ஒரு புண் வந்திருந்தது. ராத்திரியில் அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுத்தால் அவருக்கு அது ஓடுவது கேட்டது.

பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தை தேறிவிட்டது, வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்தது. டாக்டர் மெர்லின் அவரை நேராகவே பார்த்துச் சொன்னார். "அந்தப் பிஞ்சு நம்ம வார்டு காத்தைக்கூட சுவாசிச்சது இல்ல அய்யா. அது மேல ஒண்ணும் இல்ல. உங்க வீட்டுக்குக் கொண்டு போகாதீங்க." எங்கே கொண்டு போவது என்று அவர் கேட்கவில்லை. பாலத்துக்கு இந்தப் பக்கம் நின்று, முள்ளுக்கு மேலே குரல் கொடுத்து, அஞ்சம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார். அவள் தெருவோடு பேசிவிட்டு வந்தாள். தெருவில் வேண்டாம் என்றவர்கள் இருந்தார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. "புள்ள என்னண்ணே பண்ணுச்சு, கொண்டாரச் சொல்லுங்க" என்றாள்.

ஆம்புலன்ஸ் ஊருக்குள் நுழையாமல் வயல் வழியாகச் சுற்றிக்கொண்டு பாலத்துக்கு வந்தது. பெரிய ஆஸ்பத்திரி நர்ஸ் குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்து இறங்கினார். உத்திராபதி பாலத்தின் கைப்பிடிச் சுவரை ஒட்டி, வேட்டி மடிப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றார். முள்ளைக் கொஞ்சம் விலக்கி அஞ்சம்மாள் வெளியே வந்து குழந்தையை வாங்கினாள். வாங்கிய வேகத்திலேயே அது அவள் மாரைத் தேடியது. அவள் திரும்பி, துணியை விலக்கி, முகத்தை அவருக்குக் காட்டினாள். மூக்கு தையல்நாயகியின் மூக்கு. கண் நன்றாகத் திறந்திருந்தது.

அவர் ஒரு அடி முன்னால் வைத்தார்.

"அண்ணே," என்றாள் அஞ்சம்மாள். அவள் ஜென்மத்தில் பாலத்துக்கு மேலே இருக்கிற எவரிடமும் சொல்லியறியாத பேச்சு அது. "தள்ளி நில்லுங்கண்ணே."

உத்திராபதி பின்னால் போனார். அவள் கேட்டதற்கு மேலும் நாலடி போனார்.

"ஒரே ஒரு தடவ தூக்கட்டுமாம்மா? துண்டு போட்டு?"

"வேணாம்ணே." அவள் அழுதாள், ஆனால் குழந்தையை இறக்கவில்லை.

"சரி ஆயி. சரி." குழந்தை மறுபடியும் மாரைத் தேடி முனகியது. "அதுக்குப் பசிக்குது பாரு. உள்ள போ. முள்ள இழுத்து அடைச்சிடு, ஒரு ஆளும் வர முடியாம அடைச்சிடு. நாளைக்கு நானே வந்து கெஞ்சுனாலும் தொறக்காத."

ஒரு கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு மறு கையால் அவள் முள்ளை இழுத்தாள், அது கனமாக இருந்தது, முழுசாக வரவில்லை. உத்திராபதி வரப்பில் கிடந்த ஒரு கழியை எடுத்துக்கொண்டு வந்து, அந்தப் பக்கத்திலிருந்து அவள் இழுக்க இழுக்க, இந்தப் பக்கத்திலிருந்து இடைவெளி தெரியாமல் தள்ளிக் கொடுத்தார்.